நான்கு என்ஜின்களுக்கு ஒரு கையெழுத்து

தம்பி, உனக்கு நடந்தது அநியாயம். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. நான்கு என்ஜின்கள் உள்ள கப்பல், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்குப் பக்கத்தில், பட்டப்பகலில் மொத்தமாக மின்சாரம் போய் நின்றது. காற்று தள்ளிக்கொண்டு போய் மேடையின் காலில் இடித்தது. மேல்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு ஆந்திராத் தொழிலாளியின் கால் ஒடிந்தது. இதற்கெல்லாம் காரணம் கப்பலின் மின் அதிகாரியான நீ ஒருவன்தான், உன் பராமரிப்புக் குறைவுதான் என்று கம்பெனி ஒரு பக்கத்தில் எழுதிவிட்டது. எழுதியதோடு விடவில்லை, உன்னையே அதில் கையெழுத்துப் போட வைத்தது. நீயும் போட்டாய். வருகிற திங்கட்கிழமை சென்னையில் விசாரணைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, 'ஆமாம், என் கையெழுத்துதான், எழுதியிருப்பது சரிதான்' என்று நீ சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கப்பலை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

காலையில் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் ஏறும்போது "வாரேன்ப்பா" என்றாய். நான் பையை ஏற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. இருபது நாள் வீட்டில் இருந்தாய். அந்த இருபது நாளில் நாம் பேசியதில் எனக்கு விளங்கியதைவிடக் குழம்பியதுதான் அதிகம். போனில் கூப்பிட்டால் 'அப்பறம் பேசுறேன்' என்பாய். எழுதினால் நீ பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது, நானும் நடுவில் சத்தம் போட முடியாது. கப்பலின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை, பயப்படாதே. உனக்கு மட்டும் எழுதியிருக்கலாமே, நாலு பேர் படிக்கும்படி எதற்காக எழுத வேண்டும் என்று கேட்பாய். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, வருகிறேன்.

அந்தக் காகிதம் என் கைக்கு வந்தது நீ கொடுத்து அல்ல. ஜெராக்ஸ் கடைக்காரர், "உங்க மகன் ஒரு காப்பிய மெஷின்லயே விட்டுட்டுப் போயிட்டாருங்க" என்று கூப்பிட்டுக் கொடுத்தார். இங்கிலீஷில் ஒரு பக்கம். எட்டாவதோடு நின்றவன் நான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் நீ கப்பல் படிப்புப் படித்த காலத்தில் உன் புத்தகங்களை அகராதியை வைத்துக்கொண்டு நானும் படித்தேன். என்ஜினைப் பிரித்துப் போட்டுத்தான் என்ஜினைக் கற்றுக்கொண்டேன், அதே மாதிரி இங்கிலீஷையும் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்டேன். அந்த ஒரு பக்கத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு வரியும் விளங்கியது. மொத்தமாகப் பார்த்தால் விளங்கவில்லை. நான்கு என்ஜின் நின்றதற்கு ஒரு ஆள் எப்படிக் காரணம் ஆவான்? ஒரு ஆள் தப்பு செய்தால் நான்கும் நிற்கும் என்றால், நான்கு எதற்கு?

முந்தாநாள் கொட்டகையில் உன்னிடம் அதைத்தான் கேட்டேன். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்குப் போகிற நம் ஜெனரேட்டர்கள் இரண்டும் நிற்கிற கொட்டகை. நீ ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாய்.

"நாலும் எப்பிடிப்பா ஒண்ணா நிக்கும்?" என்றேன்.

"நாலும் ஓடலப்பா. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டுதான் ஓடுச்சு. மத்த ரெண்டும் ஸ்டாண்ட்பை."

"சரி, ரெண்டுன்னே வச்சுக்க. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கணும்ல?"

"இருந்திருக்கும். நடுவுல கனெக்ஷனைத் திறந்து வச்சிருந்தா."

பிறகு நீ சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. உங்கள் கப்பல் மேடைக்குப் பக்கத்தில் நங்கூரம் போடுவதில்லை. அடியில் உள்ள புரொப்பல்லர்களைக் கம்ப்யூட்டர் இயக்கி, காற்றும் அலையும் எவ்வளவு தள்ளினாலும் கப்பலை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் புரொப்பல்லர்கள் ஓடுவது மின்சாரத்தில். மின்சாரம் போனால் பிடி போயிற்று. அதனால்தான் கப்பலைக் கட்டும்போதே இடது பாதி, வலது பாதி என்று இரண்டு குடும்பமாகப் பிரித்துவிடுகிறார்கள். தனி அறை, தனி டீசல் டாங்க், தனி மின் போர்டு. ஒரு பாதி முழுக்கச் செத்தாலும் மற்ற பாதி கப்பலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு போர்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பிரேக்கர், அதாவது இரண்டையும் இணைக்கிற சுவிட்ச், இருக்கிறது. அதைத் திறந்து வைத்தால் இரண்டும் தனித்தனி. மூடி வைத்தால் இரண்டும் ஒன்று. மூடி வைத்து ஓட்டினால் குறைந்த என்ஜினில் வேலை நடக்கும், டீசல் மிச்சம். கம்பெனி மூடித்தான் ஓட்டச் சொல்லியிருந்தது. எழுத்தில்.

அன்றைக்கு இடது பக்க என்ஜினின் கவர்னர், அதாவது எவ்வளவு டீசல் விட வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற பாகம், முழுக்கத் திறந்தபடி சிக்கிக்கொண்டது. அந்த என்ஜின் நின்றுபோயிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. அது நிற்கவில்லை, பிரேக்கர் மூடியிருந்ததால் வெறி பிடித்த மாதிரி இரண்டு பக்கத்துச் சுமையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வலது பக்கத்து நல்ல என்ஜினுக்குத் தூக்க ஒன்றுமே இல்லாமல் போய், வெறி பிடித்தது அதையும் சேர்த்துத் தள்ள ஆரம்பித்தது. உடனே நல்லது தன்னைத் துண்டித்துக்கொண்டது. அதன் பிறகு வெறி பிடித்த என்ஜினும் எல்லை மீறிப் போய்த் தானாக நின்றது. ஸ்டாண்ட்பை என்ஜின்கள் எழுந்து வருவதற்குள் கப்பல் நகர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் விழித்திருந்து, கப்பல் எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தது என்றாய்.

"கெட்டது நிக்காம நல்லது ஏன்யா நிக்குது?" என்று கேட்டேன்.

"நல்லதுக்கு அப்பிடித்தாம்ப்பா செட்டிங். பின்னாடி தள்ளுனா வெலகிரும்."

"இதென்ன கூறுகெட்ட செட்டிங்?"

நீ சிரித்தாய். வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் உன் பல்லைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் அது எனக்குள் தீரவில்லை தம்பி. நல்ல என்ஜினுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும்தான் தெரிகிறது. தான் விலகினால் கப்பல் என்ன ஆகும் என்பது தெரியவில்லை. இதை யார் எந்த ஆபீஸில் உட்கார்ந்து சரி என்று ஒப்புக்கொண்டார்கள்?

அந்தக் கவர்னர் சரியில்லை என்று நீ ஆபீசுக்கு இரண்டு முறை மெயில் எழுதியிருக்கிறாய். சத்தம் ஏறி இறங்கி ஓடுகிறது, மாற்றுப் பாகம் வேண்டும் என்று. அடுத்த துறைமுகம் வரை பொறுத்துக்கொள் என்று பதில் வந்திருக்கிறது. இந்த இரண்டு மெயிலும் அந்த ஒரு பக்கத்தில் இல்லை. பிரேக்கரை மூடி ஓட்டச் சொன்ன உத்தரவும் இல்லை. இருப்பது உன் பெயர் மட்டும். அப்புறம் எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்றேன். போட்டால் இரண்டு மூன்று மாதம் பயிற்சி என்று உட்கார வைத்துவிட்டு வேறு கப்பலுக்கு அனுப்பிவிடுவார்களாம், போடாவிட்டால் உன் லைசென்ஸ் வரைக்கும் போகுமாம், கேப்டன் அப்படிச் சொன்னாராம். கேப்டனும் நல்ல மனிதர்தாம்ப்பா, இரண்டு பெண் குழந்தைகள் என்றாய். பிறகு இன்னொன்றும் சொன்னாய். "நானும் யோக்கியன் இல்லப்பா. அன்னைக்காச்சும் பிரேக்கரைத் தெறந்துருவோம் சார்னு கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயத் தெறக்கல. அதுக்குத்தான் போட்டேன்னு வச்சுக்கங்க." அங்கேதான் நான் முதலில் தடுமாறினேன். உன் தப்பு ஒன்றுமே இல்லை என்று சண்டைக்குத் தயாராக வந்தவன் நான். உன் பங்கு கொஞ்சம் இருக்கிறது என்று நீயே எடுத்து வைத்ததும் சண்டையை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. ஆனாலும் விட மாட்டேன். ஒரு பங்கு உன்னுடையது என்பதற்காக முழுவதையும் நீ எடுத்துக்கொள்ள முடியாது.

நாம் கத்திக்கொண்டிருந்தபோது உன் அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள். "ரெண்டு பேரும் என்ஜின் காலு, மேடைக் காலுன்னே பேசுறீக. அந்த ஆந்திராக்காரப் புள்ள காலு என்னாச்சுன்னு ஒருத்தராச்சும் கேட்டீகளா?" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் டீயைக் குடித்தேன். வேறு என்ன செய்ய.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. "மத்தவன் பழிய நீ ஏன்டா சொமக்கிற, ஒனக்கு முதுகெலும்பு இல்லையா?" என்று நான் கேட்டதற்கு நீ எழுந்து நின்று, மெதுவாகத்தான் சொன்னாய். "அடைக்கலம் மாமாவை நீங்க மாட்டிவிட்டப்ப அவரும் சும்மாதானப்பா நின்னாரு? மறுபேச்சுப் பேசாத தங்கமான மனுசன்னு நீங்கதான வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க? தங்கமா இருந்தா நல்லதுன்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

படிக்கிற மற்றவர்களுக்கு அடைக்கலம் யார் என்று தெரியாது. ஒன்பது வருடம் என்னோடு ஜெனரேட்டர் ஓட்டியவன். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். அன்றைக்கு மின்வாரியம் அந்தப் பகுதிக்கு முழுநாள் பராமரிப்பு நிறுத்தம் அறிவித்திருந்தது. பெரிய வீடு, முகூர்த்தம் நடக்கிற இடத்தில் விளக்கு இல்லாவிட்டால் பகலிலும் முகம் தெரியாது. அதனால் இரண்டு ஜெனரேட்டர் கொண்டுபோனேன். ஒன்று ஓட, ஒன்று துணைக்கு. பெண்ணின் தகப்பனாரிடம் நான் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது, "ஒண்ணு போனாலும் கவலையே இல்லீங்க" என்று. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் முதலாவது இருமி நின்றது. அடைக்கலம் ஓடிப்போய் இரண்டாவதுக்கு மாற்றினான். அது ஐந்து நிமிடம் ஓடியிருக்கும், அதுவும் அதே மாதிரி இருமி நின்றது. செல்போன் டார்ச் வெளிச்சத்தில்தான் தாலி கட்டினார்கள். அந்த வீட்டு ஆச்சி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்து, "ரெண்டு மிஷினும் அண்ணன் தம்பியா? ஒண்ணு கோவிச்சுக்கிட்டா இன்னொண்ணும் கூடவே கோவிச்சுக்கிட்டுப் போயிருது?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. டீசலில் தண்ணீர். மழையில் மூடி சரியாகப் போடாமல் கிடந்த ஒரே பீப்பாயிலிருந்து இரண்டு மிஷினையும் நிரப்பியிருந்தது. நிரப்பியது நான். முந்தின நாள், என் கையால், அவசரத்தில். இரண்டு மிஷின் கொண்டுபோனேனே ஒழிய, வயிற்றுக்குள் ஊற்றியது ஒன்றைத்தான். பெண்ணின் தகப்பனார் யார் இதற்குப் பொறுப்பு என்று கேட்டார். என் கை தானாக அடைக்கலத்தின் பக்கம் நீண்டது. "இவன்தாங்க டீசலைப் பாக்காம ஊத்திப்புட்டான், இனிமே இவனை வேலைக்கு வச்சுக்க மாட்டேங்க" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் திரும்பும்போது மட்டும் ஒரே ஒரு தடவை கேட்டான், "டீசல் ஊத்துனது யாருண்ணே?" நான், "இப்ப அதைப் பேசி என்ன ஆவப் போவுது, நம்ம பேரு தப்பிச்சுச்சா இல்லையா?" என்றேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. திருமயம் பக்கம் வேறு யாரும் அவனை ஜெனரேட்டர் வேலைக்குக் கூப்பிடவும் இல்லை.

இதை நான் வீட்டில் சொன்ன விதம் உனக்குத் தெரியும். தொழிலின் பெயரை எப்படிக் காப்பாற்றினேன் பார் என்று சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன், விருந்தாளிகள் வந்தால் சொன்னேன். அந்தக் கதையில் நான் கெட்டிக்காரன், அவன் தங்கமானவன், யாருக்கும் நஷ்டம் இல்லை. நீ அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறாய். முந்தாநாள் கொட்டகையில் நீ அதைத் திருப்பிச் சொன்னபோதுதான் என் கணக்கெல்லாம் கலைந்தது. நான் உன் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனி செய்ததை நான் ஒரு கல்யாண வீட்டு வாசலில் செய்திருக்கிறேன். அப்படியானால் நான் யாருக்காகச் சண்டை போடுகிறேன், யாரோடு? இதை எழுதும்போதும் எனக்குத் தெளியவில்லை. உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று ஒரு மனம் சொல்கிறது. யோக்கியதை இல்லாதவன் கேட்டாலும் கேள்வி கேள்விதானே என்று இன்னொரு மனம் சொல்கிறது. நான் இரண்டாவதின் பக்கம். என் பிடிவாதம் என்று உன் அம்மா சொல்வாள், சொல்லட்டும்.

நேற்றுக் காலை உங்கள் இருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி நார்த்தாமலைக்குப் போனேன். அடைக்கலம் அங்கே ஒரு கல் அறுக்கும் பட்டறையில் ஜெனரேட்டர் பார்க்கிறான். தலை முழுக்கக் கல் தூசி. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே, வழி தெரிஞ்சுச்சா?" என்றான்.

"தெரிஞ்சுச்சே. பஸ்ஸுல வந்தேன்."

"இல்ல, இத்தனை வருசமா தெரியலையேன்னு கேட்டேன்."

நான் நேராகவே சொன்னேன். "அன்னைக்கு டீசல் ஊத்துனது நான்டா அடைக்கலம்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "இதைச் சொல்லவா கெளம்பி வந்தீக? எனக்குத்தான் தெரியுமேண்ணே. ஊத்தாதவனுக்கு ஊத்தலைன்னு தெரியாதா? என்கிட்ட எதுக்குச் சொல்றீக, தெரியாதவுககிட்ட போயிச் சொல்லுங்க."

மன்னித்துவிடு என்று கேட்டேன். "அங்கிட்டுத் தள்ளி நில்லுங்கண்ணே, பொகை அடிக்கிது" என்றான். மன்னித்தானா இல்லையா என்று தெரியாது. டீ சொன்னான், எனக்கு மட்டும். கிளம்பும்போது, "தம்பி கப்பல்ல நல்லாருக்காப்லயா?" என்று கேட்டான். நல்லாயிருக்கான் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவன் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. உன் கப்பலில் இருந்த எல்லோருக்கும் உண்மை தெரியும். கேப்டனுக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். தெரியாதவர்கள் அந்த விசாரணை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவர்களும், அடுத்த முறை அதே கப்பலின் மேல்தளத்தில் நிற்கப் போகிறவனும்தான். அவனுக்காகத்தானே இரண்டு பாதியாகக் கப்பலைக் கட்டினார்கள்?

இதை நாலு பேர் படிக்க எழுதுகிற காரணம் இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை நாலு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

எனக்குக் குழப்பம் தீரவில்லை. ஆனால் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. உன் கம்பெனி அந்த இரண்டு மெயிலையும், அதற்கு வந்த பதிலையும், பிரேக்கரை மூடி ஓட்டச் சொன்ன உத்தரவையும் அந்த ஒரு பக்கத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். சேர்க்காவிட்டால் உன் போனில் உள்ளதை நீ சேர்க்க வேண்டும். கேப்டன், இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன், அன்றைக்குப் பிரேக்கர் மூடியிருந்தது தனக்குத் தெரியும் என்று தன் பெயரில் எழுத வேண்டும். வருடா வருடம் கப்பலைச் சோதிக்க வருகிறவர்கள் ஓடுகிற என்ஜினில் ஒன்றை நிறுத்திப் பார்த்துவிட்டுச் சரி என்று போகக் கூடாது, ஒன்றை வெறி பிடிக்கவைத்து மற்றது நிற்கிறதா விலகுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை மேடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பிரேக்கர் திறந்திருக்க வேண்டும், டீசல் எவ்வளவு செலவானாலும். கால் ஒடிந்தவனின் போன் நம்பரை நீ இன்றைக்கே உன் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அவளுக்குத் தெலுங்கு தெரியாது, ஆனாலும் பேசுவாள். திருமயம் பக்கத்து அந்த வீட்டுக்கு இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், அந்த ஆச்சி இருந்தால் அவர் முன்னால், இல்லாவிட்டால் யார் இருக்கிறார்களோ அவர்கள் முன்னால், டீசல் ஊற்றியது நான் என்று சொல்ல வேண்டியது நான். ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற இந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்ல வேண்டியதும் நான். அடைக்கலம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. திங்கட்கிழமை அந்த மேஜை முன்னால் உட்கார்ந்து, கையெழுத்து என்னுடையதுதான், பிரேக்கரைத் திறக்கச் சொல்லாதது என் தப்புதான், அது தவிர இதில் எழுதாமல் விட்டது இவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டியவன் நீ.